இரண்டு புரொஜெக்டர்கள்: எது நமக்கு ஏற்றது?

சங்கத்துக்கு ஒரு புரொஜெக்டர் வாங்குவதென்று பொதுக்கூட்டத்தில் முடிவாயிற்று. உறுப்பினர்கள் தங்கள் கைச்செலவைக் குறைத்துத் தந்த பணம் பொருளாளனாகிய என்னிடம் வந்து சேர்ந்தது. தவறான கருவியை வாங்கிவிட்டால் சனிக்கிழமைதோறும் உங்கள் ஏச்சைக் கேட்க வேண்டியவன் நான்தானே! ஆகவே, ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு கருவிகளை ஒரு மாலைக்கு இரவலாகப் பெற்று, நமது விடுதிக் கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். அவ்விவரத்தை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

இரண்டு பெட்டிகளிலும் 3,000 லூமன் ஒளி என்றே அச்சிட்டிருந்தது. ஒன்று டி.எல்.பி. வகை. 1987இல் அமெரிக்கரான லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த சில்லுதான் அதன் உயிர். அதில் இலட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் அசைந்து ஒளியைத் திரைக்குத் திருப்புகின்றன. சில்லு ஒன்றே ஆதலால், சுழலும் நிறச்சக்கரம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பது நம் கண். மற்றது எல்.சி.டி. வகை. அதில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று தகடுகள்; மூன்று நிறங்களும் ஒரே சமயத்தில் திரையை அடைகின்றன.

ஒளி மிகுந்த படமே சிறந்த படம் என்று கண் எளிதில் ஏமாந்துவிடும். ஆகையால் ஒரே திரை, ஒரே அளவு, ஒரே காட்சி என்று வகுத்துக்கொண்டு, இரண்டையும் சினிமாவுக்குரிய அமைப்பில் வைத்தேன்.

முதலில், விளக்குகளை அணைத்து 'அந்த நாள்' (1954) படத்தை ஓட்டினோம். டி.எல்.பி.யில் இருள் இருளாகவே இருந்தது, எல்.சி.டி.யில் சாம்பல் பூசினாற்போல் வெளிறியது. ஆனால், அடியில் ஓடிய ஆங்கில வரிகளைப் படித்த வங்காள நண்பர், டி.எல்.பி.யில் வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் மின்னுவதாகக் கூறிக் கண்ணைக் கசக்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறங்கள் தனித்தனியே வருவதால் சிலர் கண்ணுக்கு மட்டும் அப்படிப் பிரிந்து தோன்றும்.

அடுத்து 'திருவிளையாடல்' (1965). எல்.சி.டி.யில் நிறங்கள் ஒளிர்ந்தன, டி.எல்.பி.யில் சற்று மங்கின. காரணம் எளிது. பெட்டியில் அச்சிட்ட லூமன் வெள்ளைக்கு உரியது. அந்த டி.எல்.பி. கருவியின் சக்கரத்தில் நிறமற்ற ஒரு பகுதியும் உண்டு. அது வெள்ளையின் ஒளியைக் கூட்டுமேயன்றிச் செம்மைக்கும் நீலத்துக்கும் உதவாது.

இனி முடிவு. நம் கூடத்தில் யாராவது கதவைத் திறந்தபடியே இருப்பார்கள். தாழ்வார விளக்கு திரையில் விழும். அவ்வொளியில் இரண்டின் கறுப்பும் ஒன்றுபோலவே வெளுத்துவிடுகிறது. டி.எல்.பி.யின் பெருஞ்சிறப்பு அங்கே பயன்படவில்லை. பலர் கூடிப் பார்க்கும் இடத்தில் ஒருவர் கண்ணுக்கும் துன்பம் வரலாகாது. ஆகவே என் வாக்கு எல்.சி.டி.க்கே. இருட்டறையில் தனித்துப் பார்ப்பவருக்கு மற்றதையே பரிந்துரைப்பேன்.

மாற்றுக் கருத்துடையோர் செயற்குழு கூடுமுன் சொல்லிவிடுங்கள். பணம் இன்னும் சங்கக் கணக்கில்தான் இருக்கிறது.