நுகர்வோர் குத்தகைச் சட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

நுகர்வோர் குத்தகைச் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டமாகும். மகிழுந்து, வீட்டுப் பொருட்கள் போன்றவற்றைச் சொந்தப் பயன்பாட்டிற்காக நான்கு மாதங்களுக்கு மேல், குறித்த தொகை வரம்புக்குள் குத்தகைக்கு எடுப்போருக்கு இது பொருந்தும். இதன் நடைமுறை விதிகள் 'ஒழுங்குமுறை எம்' எனப்படுகின்றன.

மாதத் தவணை குறைவாகத் தோன்றினாலும் மொத்தச் செலவு கூடுதலாக இருக்கலாம். ஆகவே தொடக்கத்தில் செலுத்த வேண்டிய தொகை, தவணைகள், பிற கட்டணங்கள், மொத்தத் தொகை, இடையில் முறித்தால் ஏற்படும் செலவு ஆகியவற்றை ஒப்பந்தம் முடிவாகும் முன்பே நிறுவனம் எழுத்தில் தர வேண்டும்.

விதிகளைப் பின்பற்றியதற்கான சான்றுகளை நிறுவனம் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நுகர்வோர் இச்சட்டத்தின்கீழ் குத்தகை முடிந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடரலாம். மூன்றாண்டுக் குத்தகையில், தொடக்கத்தில் தந்த விவரங்களைப் பாதுகாக்கும் காலம் அதற்குள் முடிந்துவிடும். எனவே நுகர்வோர் தம்மிடமுள்ள நகலைப் பத்திரப்படுத்துவது இன்றியமையாதது.