மதில் விளக்குக்கு எந்த வயர்?

தீபாவளி நெருங்கினால் நம் பக்கத்து வீடுகளில் முதலில் சுவருக்குச் சாயம், அடுத்து கேட்டுத் தூணில் விளக்கு. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். விளக்கு அழகாகத்தான் இருக்கிறது. அதற்குப் போகும் வயரைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. வரவேற்பறை பிளக்கிலிருந்து ஒரு மெல்லிய இரட்டை வயர் ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே வந்து மதில்மேல் படுத்திருக்கும். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு வேறு.

அது வீட்டுக்குள் இருக்கவேண்டிய வயர். வெயிலில் அதன் தோல் காய்ந்து வெடிக்கும். செம்பனைப் பழத்துக்கு வரும் எலி அதையும் கடிக்கும். அக்டோபர், நவம்பர் என்றால் நமக்கு மாலையில் இடி மழை. நனைந்த தூண், இரும்புக் கேட், செருப்பில்லாமல் ஓடிவரும் குழந்தை. மற்றதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"ஆபத்தென்றால் பெட்டியில் சுவிட்ச் தானாக விழுந்துவிடுமே" என்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி. காப்பது வயரை, ஆளை அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவு மின்சாரம் போகும்வரை சும்மாதான் இருக்கும். மனிதனின் உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

ஆளைக் காப்பது ஆர்.சி.டி. போன மின்சாரம் முழுதும் திரும்பி வராவிட்டால், எங்கோ மண்ணுக்கு ஒழுகுகிறது என்று கண்டு நொடிக்குள் துண்டித்துவிடும். அதிலும் எண்ணைப் பாருங்கள். 100 மில்லி ஆம்பியர் என்றிருந்தால் வெளி விளக்குக்கு அது போதாது. 30 அல்லது அதற்குக் குறைவாக, அந்த விளக்குகளுக்கென்றே ஒன்று தனியாகப் போடச் சொல்லுங்கள். இடி இடித்தால் அடிக்கடி விழுகிறதென்று ஆர்.சி.டி.யை ஒதுக்கிவிட்டு நேராக இணைப்பவர்களும் உண்டு. அது மகா தப்பு. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சரி, எந்த வயர்? மேலே கெட்டியான உறையுள்ள மூன்று கம்பி வயர், பி.வி.சி. குழாய்க்குள். மூன்றாவதான பச்சை எர்த் கம்பி விளக்கின் உலோகக் கூடுவரை போய்ச் சேரவேண்டும். கோலசிலாங்கூர், ஜெராம் கடலோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஆகவே புதைப்பதைவிட மதிலோடு கொண்டுபோவது நல்லது. புதைத்தே ஆகவேண்டுமென்றால் இரும்புக் கம்பி சுற்றிய கேபிள்தான். விளக்கில் ஐ.பி.65 என்றிருந்தால் மழைக்குக் கவலையில்லை.

தோட்டத்து வீடு என்றால் நிர்வாகத்தின் சொத்து. முதலில் கிராணியிடம் சொல்லுங்கள். எங்கே ஆனாலும் சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேன்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும்.

என்னைக் கேட்டால் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கையே சொல்வேன். 230 வோல்ட் வீட்டோடு நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வீட்டுக்குள், நனையாத இடத்தில் இருக்கவேண்டும். ஒன்று கவனியுங்கள்: 5 வாட் விளக்கு ஆறு, 20 மீட்டர் தூரத்தில் என்றால், 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறக்குறைய 1.2 வோல்ட் வழியிலேயே குறையும். கடைசி விளக்கு மங்கும். 2.5 வயர் வாங்குங்கள்.