பார், மணல், சேறு

டீயை வடிகட்டும்போது கவனித்திருப்பீர்கள். இலைத் தேயிலை என்றால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். நைசான தூள் என்றால் வடிகட்டியை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடியும். துகள் பெரிதாக இருந்தால் நடுவில் சந்து இருக்கும். பொடியாக இருந்தால் சந்து மூடிக்கொள்ளும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலடியில் எந்தச் சிற்றுயிர் எங்கே குடியிருக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

கடலடி எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது மீனவர்களுக்கு எப்போதோ தெரியும். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு அடியில் படுகிற விதத்தை வைத்தே இது மணல், இது சேறு, இது பார் என்று சொல்லிவிடுவார்கள். பார் என்றால் கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டு. மன்னார் வளைகுடாவில் சிப்பி விளைந்த இடங்களுக்கே முத்துப்பார் என்றுதான் பெயர்.

முதலில் மணலுக்கு வருவோம். அலை வந்து திரும்பும் இடத்தில் ஒரு கைப்பிடி ஈரமணலை அள்ளுங்கள். வாளியில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிச் சுழற்றுங்கள். உப்பில்லாத தண்ணீர் பட்டதும் மணலைப் பற்றியிருக்கும் சிற்றுயிர்களின் பிடி தளரும். மணல் படிந்ததும் மேல்நீரை நெருக்கமாக நெய்த துணியில் வடித்து, துணியில் தங்கியதை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நூல் போன்ற உருளைப்புழுக்கள் நெளியும். அரிசிமணியைச் சுருக்கியது போன்ற கோபிபாட்கள் என்ற நுண் ஓட்டுடலிகள் துள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நீர்க்கரடியும் அகப்படும். மணலில் வாழும் பாட்டிலிபெஸ் என்ற நீர்க்கரடி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அதன் எட்டுக் காலிலும் ஒவ்வொரு விரல் நுனியிலும் குட்டி வட்டத்தட்டு ஒன்று இருக்கும். அலை மணலைப் புரட்டும்போது அந்தத் தட்டுகளால்தான் மணற்பருக்கையைப் பற்றிக்கொள்கிறது. இங்கே வாழ வேண்டுமானால் உடல் மெலிந்திருக்க வேண்டும், ஒட்டிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

சேற்றில் சந்து கிடையாது. நீர் உள்ளே இறங்காததால் பிராணவாயுவும் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். சேற்றைத் துளைத்துப் போகிறவைதான் அங்கே பிழைக்கும். உருளைப்புழுக்களின் ராஜ்யம் அது. ஆனால் பல்சுணைப் புழு ஒன்று வளை தோண்டி நீரை உள்ளே இழுத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. வளையின் சுவரைச் சுற்றிக் கறுப்புச் சேறு பழுப்பாகும். பிராணவாயு எட்டியதன் அடையாளம் அது. அந்தப் பழுப்பு வளையத்துக்குள் வேறு சிற்றுயிர்கள் வந்து குடியேறும். ஒன்று கட்டிய வீட்டில் பத்துக் குடித்தனம்.

பாம்பனில் நின்றால் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, அமைதியானது. அடியில் சேறும் கடற்புல்லும். புல் நீரோட்டத்தைத் தணிக்கிறது, வேர் சேற்றைப் பிடித்து வைக்கிறது, இலைமேல் படரும் பாசியை நத்தைகளும் கூனிவகைகளும் மேய்கின்றன. ஆண்கடல் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பவளப்பார். அங்கே செத்த பவளத்துண்டு ஒன்றை உடைத்தாலே விரிசலுக்கு ஒன்றாக நண்டு, புழு, நொறுங்கு நட்சத்திரமீன் என்று வெளியே வரும். நடுவில் இருப்பது பாம்பன் தீவு ஒன்றுதான். ஆனால் அடித்தளம் மாறியதால் குடியிருப்பவர்களும் மாறிவிட்டார்கள்.

வெறும் சேறுதானே என்று நினைத்த இடத்திலும் நுணுகிப் பார்த்தவர்கள் வியந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி, டெலவேர் கரைகளுக்கு அப்பால் 1,500 முதல் 2,500 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றை ஆய்வாளர்கள் பிரெடெரிக் கிராஸிலும் நான்சி மாசியோலெக்கும் ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். 233 மாதிரிகள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 21 சதுர மீட்டர், ஒரு பெரிய அறையின் தரை. அதில் 798 இன விலங்குகள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சேற்றில் ஓர் இடத்தில் புழு குவித்த மேடு, ஓர் இடத்தில் பழைய வளை, ஓர் இடத்தில் மேலிருந்து விழுந்த பாசிக்குவியல். ஒவ்வொன்றும் ஒரு தனி வீடு.

மீன்குஞ்சும் இறால்குஞ்சும் தின்று வளர்வது இந்தச் சிற்றுயிர்களைத்தான். அதனால் அடியைச் சமமாக்குவதுதான் கடலுக்கு நாம் செய்யும் பெருங்கேடு. இழுவைமடி அடியை வாரிக்கொண்டு போகும்போது வளை இடிகிறது, புல் பெயர்கிறது, கலங்கிய சேறு பார்மேல் படிந்து விரிசலை அடைக்கிறது. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அரண் இழந்த 2 தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சேற்றுப்புழு அந்த ஓய்வில் தன் வளையைத் திரும்பத் தோண்டிக்கொள்ளலாம். பாருக்கு அது போதாது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். உங்கள் கையில் இருக்கிறதே, அந்த டீ கிளாஸ் உயரம் எழுவதற்கு அதற்குப் பத்து ஆண்டு வேண்டும்.