செவ்வாயில் உறங்க மறுத்த கணிப்பொறி

நாளுக்கு நாள் மந்தமாகிவரும் கணிப்பொறியை நீங்கள் பார்த்திருக்கலாம். அதை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் சில சமயம் சரியாகிவிடுகிறது. சில சமயம் அவ்வாறு செய்தும் பயனில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் செவ்வாய்க் கோளில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு அறிவோம்.

நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி 2004 ஜனவரி 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. ஜனவரி 21இல் அதில் கோளாறு ஏற்பட்டது. அதன் கணிப்பொறி தானே நின்று, தானே தொடங்கி, மீண்டும் நின்றது. இரவில் உறங்க வேண்டிய ஊர்தி விழித்தே இருந்ததால் மின்கலங்களின் ஆற்றல் வீணாயிற்று. இப்படியே சென்றால் ஊர்தியையே இழக்க நேரிடும்!

அக்கணிப்பொறியில் இருவகை நினைவகங்கள் இருந்தன. ஒன்று 128 மெகாபைட் கொண்ட தற்காலிக நினைவகம். மின்சாரம் நின்றால் இதில் உள்ளவை மறைந்துவிடும். மற்றொன்று 256 மெகாபைட் கொண்ட பிளாஷ் நினைவகம். இதில் படங்களும் அளவீடுகளும் கோப்புகளாக நிலைத்திருக்கும். முன்னதை மேசை என்றும், பின்னதை நூல் அலமாரி என்றும் கொள்ளுங்கள்.

அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நூற்பட்டியல் அட்டைகள் அனைத்தையும் மேசைமீது பரப்பியாக வேண்டும் என்பது அங்கிருந்த முறை. நூலை அகற்றினாலும் அதன் அட்டைக்குரிய இடம் குறையவில்லை! ஏழு மாதப் பயணத்திலேயே கோப்புகள் சேரத் தொடங்கிவிட்டன. பதினெட்டாம் நாள் மேசையில் இடமில்லாமற் போயிற்று. கணிப்பொறி நின்று மீண்டும் தொடங்கியதும் செய்த வேலை என்ன? அதே அட்டைகளைப் பரப்பியதுதான். ஆகவே மீண்டும் நின்றது.

பொறியாளர்கள் பிளாஷ் நினைவகத்தின் மீது ஐயுற்றனர். அதைத் தொடாமலே தொடங்குமாறு கட்டளை அனுப்பினர். கணிப்பொறி நிலைத்து நின்றது! பிப்ரவரியில் பிளாஷ் முழுவதையும் துடைத்துப் புதிதாக்கினர். 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட ஊர்தி, 2010 மார்ச் வரை செய்தி அனுப்பியது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மீண்டும் இயக்கியதும் கோளாறு நீங்கினால், பெரும்பாலும் குறை தற்காலிக நினைவகத்தில் தேங்கியவற்றில் இருக்கும். நீங்காவிட்டால், நிலைத்திருக்கும் கோப்புகளைச் சோதிக்க வேண்டும். அவற்றின் மொத்த அளவை மட்டுமன்றி, எண்ணிக்கையையும் பாருங்கள். இரவும் பகலும் இயங்கும் சர்வர்களுக்கும் இச்சோதனை பொருந்தும்.