கயிறும் சருகும்: மோட்டார் வாகனங்களில் ஆசனப்பட்டியும் காற்றுப்பையும்

நீர்வேலிச் செம்மண்ணில் விளையும் வாழைக்குலைகள் சந்தைக்கு ஏற்றப்படும் முறையை அவதானித்தோர் ஒன்றை அறிவர். குலைகள் ஒன்றோடொன்று உரசிக் கன்றிப்போகாதிருக்க இடையிடையே வாழைச்சருகு செருகப்படும். அதன்பின் அவை வாகனத்தின் சட்டத்தோடு கயிற்றினால் இறுக்கிக் கட்டப்படும். சருகை மட்டும் வைத்துவிட்டுக் கயிற்றைக் கைவிடும் விவசாயி எவருமில்லர். சாரதி திடீரெனத் தடையை அழுத்துமிடத்து, கட்டப்படாத குலை சருகையும் விட்டு முன்னே பாயும் என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்துள்ளது. ஆயின் அதே வாகனத்தின் முன்னாசனத்தில் ஏறி அமரும்போது அவர் தம்மைக் கட்டிக்கொள்வதில்லை. பொலிசார் நிற்கும் சந்தி அண்மிக்கையில் மாத்திரம் பட்டியை மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கையாற் பிடித்துக்கொள்வார்.

ஆசனப்பட்டி, காற்றுப்பை ஆகிய இரு சாதனங்களின் தொழிற்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அண்மைக்காலத்தில் இறக்குமதியான கார்களிற் காற்றுப்பைகள் அமைந்துள்ளமையால் இனிப் பட்டி வேண்டியதில்லை என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் நிலவுகின்றமை இதனை எழுதத் தூண்டிற்று. காற்றுப்பை சருகு போன்றது, பட்டியே கயிறு. கயிறில்லாத இடத்திற் சருகு பயனற்றுப்போவது மாத்திரமன்றிச் சில வேளைகளில் உயிரையும் பறிக்கும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒன்று மதிலில் மோதுகின்றதெனக் கொள்வோம். கார் நின்றுவிடுகின்றது, உள்ளே இருப்பவரோ சடத்துவத்தின் காரணமாக அதே வேகத்தில் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கின்றார். அவரை ஏதோவொன்று நிறுத்தியாக வேண்டும். அந்த வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் நிலத்தைத் தொடும்போது பெற்றிருக்கும் வேகமும் இதுவே. நடுத்தர உயரமுள்ள பனையொன்றின் வட்டிலிருந்து விழுவதற்கு எவரும் ஒருப்படார். காரினுள் அமர்ந்திருக்கையில் அதே ஆபத்து நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வேகம் மணிக்கு 70 கிலோமீற்றராக உயரின் இயக்கசக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகும். வீழ்ச்சியின் உயரமும் 19 மீற்றரைத் தாண்டிவிடும்.

உடலைச் சிதைப்பது வேகம் அன்று; வேகம் குறையும் வீதமாகிய அமர்முடுகலே. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் எவ்வளவு அதிகமோ அமர்முடுகல் அவ்வளவு குறையும். மோதுகையில் காரின் முற்பகுதி 60 சென்ரிமீற்றர் வரை நசுங்குகின்றதெனக் கொண்டால், காருடன் பிணைக்கப்பட்டுள்ள ஒருவரின் சராசரி அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஏறத்தாழ 16 மடங்காகும். உடல் நலமுள்ள ஒருவர் இதனைத் தாங்குவார். பிணைக்கப்படாதவரோ கார் நசுங்கி முடியும் வரை தடையின்றிப் பறந்து, நின்றுவிட்ட காரின் சுக்கானிலோ முன்பலகையிலோ மோதி ஐந்து சென்ரிமீற்றர் தூரத்தினுள் நிற்கின்றார். அவருக்குரிய அமர்முடுகல் ஏறத்தாழ 200 மடங்காகும். ஒரே கார், ஒரே மதில், ஒரே கணம்; எனினும் இருவருக்கும் நேரும் கதி வேறு.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஜோன் ஸ்ராப் தம் உடலிலேயே பரிசோதித்தார். 1954 டிசெம்பரில், ரொக்கற்றினால் உந்தப்பட்ட சறுக்குவண்டியில் மணிக்கு 1000 கிலோமீற்றரை எட்டி, ஒன்றரைச் செக்கனுக்குள் நிறுத்தப்பட்டபோது புவியீர்ப்பின் 46 மடங்கை அவர் அனுபவித்தார். கண்களில் இரத்தம் கசிந்தது. எனினும் உயிர் பிழைத்தார். வலிய வார்ப்பட்டிகளால் அவர் ஆசனத்தோடு கட்டப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். பிற்காலத்தில் கார்களுக்கு ஆசனப்பட்டி வேண்டுமென வாதாடியோருள் அவரும் ஒருவர்.

இவ்விடத்தில் நம்மவரின் பழைய நம்பிக்கையொன்றை எடுத்து நோக்குதல் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மோட்டார் வரலாறு தனித்துவமானது. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய பிரித்தானியக் கார்கள் பிற இடங்களில் வழக்கொழிந்த பின்னரும் இங்கு வாடகைக் கார்களாக ஓடின. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை நம் பொறியியலாளர்கள் - பட்டம் பெறாதவர்களையே குறிப்பிடுகின்றேன் - கைவரப்பெற்றனர். அக்கார்கள்மீது மக்கள் கொண்ட பற்று நியாயமானதே. ஆயின் "அந்தக் காலத்து இரும்பு, இடித்தாலும் ஒன்றும் ஆகாது, இந்த யப்பான் கார்களோ தகரம்" என்னும் பேச்சு அறிவியலுக்கு ஒவ்வாது. இடித்தால் ஒன்றும் ஆகாதது காருக்கே. நசுங்காத கார் தன் அமர்முடுகலைக் குறைவின்றி உள்ளிருப்பவரிடம் கையளித்துவிடுகின்றது. முன்பகுதி திட்டமிட்டு நசுங்கவும் பயணிகள் அமரும் கூடு மாத்திரம் உறுதியாக நிற்கவும் வேண்டும் என்னும் கருத்தை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பேலா பரேனி 1950களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். நாம் தகரம் என இகழ்வது உண்மையில் நமக்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் பகுதியாகும். அப்பழைய கார்கள் இங்கு வந்திறங்கியபோது அவற்றில் ஆசனப்பட்டியும் இருக்கவில்லை. பின்னாளில் மெல்லிய தகட்டிற் துளையிட்டுப் பூட்டப்படும் பட்டி, மோதுகையின்போது தகட்டையும் பிய்த்துக்கொண்டு வரக்கூடும். பட்டியின் வலிமை அது பிணைக்கப்பட்ட இடத்தின் வலிமையே.

தொடக்ககாலப் பட்டிகள் வயிற்றுக்குக் குறுக்கே இரு முனைகளிற் பிணைக்கப்பட்டவை. அவை உடலை இருத்தின; ஆனால் மேலுடல் கத்தரிபோல் மடிந்து வயிற்றறை உறுப்புக்களும் முள்ளந்தண்டும் சேதமுற்றன. விமானங்களின் வெளியேற்று ஆசனங்களை வடிவமைத்த அனுபவம் பெற்றிருந்த சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின், வொல்வோ நிறுவனத்திற் சேர்ந்து 1959இல் மும்முனைப் பட்டியை உருவாக்கினார். ஒரு பட்டி தோளிலிருந்து மார்பைக் கடந்து இறங்கும். மற்றொன்று இடுப்பைச் சுற்றிச் செல்லும். இரண்டும் இடுப்பின் பக்கத்தே தாழ்வான ஓரிடத்திற் கூடும். ஒரு கையாற் பூட்டக்கூடியதாதலின் மக்கள் அதனை அணிய மறுப்பதற்கான சாட்டும் குறைந்தது. விசை எங்கே செல்கின்றது என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. தோள் எலும்பு, மார்புக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய வலிய எலும்புகள் அதனைத் தாங்குகின்றன. மெல்லிய வயிறு தப்புகின்றது. ஆகவே இடுப்புப்பட்டி வயிற்றின்மேல் ஏறாது தொடையின் அடியோடு ஒட்டியிருத்தல் வேண்டும். கருவுற்ற பெண்கள் அதனை வயிற்றுக்குக் கீழே அணிதல் வேண்டும். தோட்பட்டியைக் கக்கத்தின் கீழ் விட்டு அணிவோர் விலா எலும்புகளை முறித்துக்கொள்ளும் வழியைத் தாமே தேடுகின்றனர்.

வொல்வோ இதன் ஆக்கவுரிமையைப் பூட்டி வைக்காது ஏனைய உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்டமை கவனிக்கத்தக்கது. இலாபமே நோக்காகக் கொண்ட கைத்தொழிலொன்றில் இத்தகைய செயல்கள் அரியன. 1967இல் சுவீடனின் 28,000 விபத்துக்களை ஆராய்ந்த போலின், மும்முனைப் பட்டி அணிந்தோர் எவரும் மணிக்கு ஏறத்தாழ 97 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் நேர்ந்த விபத்துக்களில் இறக்கவில்லை எனவும், அணியாதோர் மிகக் குறைந்த வேகங்களிலும் இறந்தனர் எனவும் கண்டறிந்தார். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 1970இல் பட்டி அணிவதைச் சட்டமாக்கிற்று.

இன்றைய பட்டியினுள் மேலும் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது சுருளி. மெதுவாக இழுத்தாற் பட்டி வரும். வெடுக்கென இழுத்தாற் பூட்டிக்கொள்ளும். கார் சடுதியாக வேகங்குறையும்போது ஒரு சிறு குண்டோ ஊசலோ இடம்பெயர்ந்து பற்சில்லைத் தடுக்கின்றது. இரண்டாவது முன்னிறுக்கி. மோதுகை உணரப்பட்டதும் சிறிய வெடிமருந்து பட்டியைச் சில சென்ரிமீற்றர் பின்னிழுத்து அதன் தளர்வை அகற்றுகின்றது. மூன்றாவது, விசை வரம்பை மீறும்போது முறுகிக் கொடுத்துப் பட்டியைச் சிறிது இளக்கும் தண்டு. மார்பெலும்பு முறியாமற் காப்பது அதுவே.

காற்றுப்பையின் வேலை இவற்றிற்குப் பின்னரே தொடங்குகின்றது. பட்டி அணிந்தவரின் தலையும் கழுத்தும் முன்னோக்கி வீசப்படுகின்றன. அவற்றைச் சுக்கானில் மோதவிடாது ஏந்துவதே பையின் கடமை. அமெரிக்கரான ஜோன் ஹெற்றிக்கும் ஜேர்மனியரான வால்ற்றர் லிண்டரரும் 1953இல் தனித்தனியே இதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். அழுத்தப்பட்ட வாயுவினால் பையை உரிய விரைவில் நிரப்ப இயலாமையால் அவர்களின் எண்ணம் அன்று கைகூடவில்லை. ஒரு மோதுகை ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் முடிந்துவிடுகின்றது. அதற்குள் உணரி மோதுகையை இனங்கண்டு, பை விரிந்து, உடலை ஏந்தி, வாயுவை வெளியேற்றித் தளரவும் வேண்டும். திண்ம இரசாயனப் பொருளை எரித்து வாயு பெறும் முறையே இதற்குத் தீர்வாயிற்று. சோடியம் ஏசைட்டு பிரிகையுற்று நைதரசன் வாயுவைத் தர, 30 மில்லிசெக்கன் அளவில் பை நிரம்பிவிடும். நாம் கண்ணிமைக்கும் நேரத்திலும் இது குறைவு. பின்னாளில் நச்சுத்தன்மை குறைந்த வேறு சேர்வைகள் அதன் இடத்தைப் பிடித்தன. பையின் பின்புறத்துத் துளைகளினூடாக வாயு வெளியேறுவதனாலேயே அது பந்துபோல் நம்மைத் திருப்பி எறிவதில்லை. 1970களில் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் இடம்பெற்ற காற்றுப்பையை, 1981இல் மெர்சிடிஸ் பென்ஸ் முன்னிறுக்கியுடன் இணைத்து வெளியிட்டது. அன்றுதொட்டு அது பட்டியின் துணைச் சாதனமாகவே கருதப்பட்டு வருகின்றது.

விரியும் பை மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளிப்படுகின்றது. அது முழுமையாக விரிந்த பின்னர் உடல் வந்து சேர்ந்தால் மெத்தை. விரிந்துகொண்டிருக்கையில் உடல் அங்கிருந்தால் சம்மட்டி. பட்டி அணியாதவர் தடை அழுத்தப்படும்போதே முன்னே சரிந்து பையின் வாயிலுக்கு முகத்தைக் கொடுத்துவிடுகின்றார். அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, மற்றபடி உயிர் தப்பியிருக்கக்கூடிய சிறு விபத்துக்களில் 290க்கும் மேற்பட்டோர் காற்றுப்பையினாலேயே இறந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் பட்டியைச் சரியாக அணியாதோர், குழந்தைகளும் பலர். இத்தகைய மரணங்களாலேயே பைகளின் வலு குறைக்கப்பட்டது.

நம்மூரில் முன்னாசனத்தில் தாயின் மடியிற் குழந்தை இருப்பது சாதாரண காட்சி. மேற்கூறிய 50 கிலோமீற்றர் மோதுகையில் பத்துக் கிலோகிராம் எடையுள்ள குழந்தையைப் பிடித்துவைக்க 160 கிலோகிராமைத் தூக்கும் வலு தேவை. எந்தத் தாயின் கைக்கும் அவ்வலு இல்லை. குழந்தை தாய்க்கும் பைக்கும் இடையே அகப்படும். பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளின் இடம் பின்னாசனமே. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய குழந்தை இருக்கை வேண்டும். அவ்விருக்கையைக் காற்றுப்பையுள்ள முன்னாசனத்தில் ஒருபோதும் வைத்தலாகாது.

இனி, யாருக்கு எது கிடைக்கின்றது என்னும் வினா. 2014 ஜனவரியில் வெளியான மோதுகைப் பரிசோதனைகளில், காற்றுப்பையின்றி விற்கப்பட்ட இந்தியத் தயாரிப்புச் சிறு கார்களான மாருதி சுசுக்கி ஓல்ரோ 800, ராரா நனோ உள்ளிட்ட ஐந்தும் வளர்ந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஓல்ரோவும் நனோவும் இலங்கை வீதிகளில் நடுத்தர வகுப்பினரின் முதற்கார்களாகவும் வாடகைக் கார்களாகவும் ஓடியவை. செல்வந்த நாடுகளில் அடிப்படை உரிமையாகிவிட்ட ஒரு பை, ஏழை நாடுகளில் மேலதிக விலைக்குரிய ஆடம்பரமாக நெடுங்காலம் வைக்கப்பட்டது.

பை இருப்பினும் அது நம்பத்தக்கதா என்பது வேறு. பரசூட் கயிறு நெய்யும் தொழிலகமாகத் தொடங்கிப் பின்னர் ஆசனப்பட்டியும் காற்றுப்பையும் செய்த யப்பானிய நிறுவனமான தகாற்றா, பையை நிரப்ப அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்திற்று. வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்க ஆண்டுகள் செல்லச்செல்ல அம்மருந்து வில்லைகளில் நுண்வெடிப்புக்கள் உண்டாகின்றன. எரியும் மேற்பரப்பு பெருகி அழுத்தம் எல்லை மீற, உலோகக் கலம் சிதறிச் சன்னங்களாகப் பாய்கின்றது. 2014இல் மலேசியாவில் சிறு விபத்தொன்றில் கருவுற்ற பெண்ணொருவர் இவ்வாறு கொல்லப்பட்டார். உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கலங்கள் மீளழைக்கப்பட்டன. நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. கடற்காற்றும் வெயிலும் சூழ்ந்த குடாநாடு இப்பழுதுக்கு வாய்ப்பான காலநிலை உடையது. மீளழைப்புக் கடிதமோ யப்பானில் இருந்த முன்னைய உரிமையாளருக்கே செல்லும். ஏலத்தில் வாங்கப்பட்டுக் கைமாறி இங்கு வந்த காரின் இன்றைய உரிமையாளரை அது எட்டாது. அவர் தம் வாகனத்தின் செசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் தாமே விசாரித்தல் வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் நான் பயணஞ்செய்த வாடகைக் கார் ஒன்றில் ஆறு காற்றுப்பைகள் உள்ளனவெனச் சாரதி பெருமிதத்துடன் கூறினார். பட்டியை அணியாதபோது எழும் ஒலியை நிறுத்த, வெற்றுப் பூட்டுநாக்கு ஒன்றைப் பூட்டினுட் செருகி வைத்திருந்தார். பின்னாசனத்துப் பட்டிகள் ஆசனவுறையின் கீழ் மறைந்து கிடந்தன. 2022 செப்ரெம்பர் 4ஆந் திகதி மும்பைக்கு அண்மையில் இந்தியத் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த, காற்றுப்பைகள் நிறைந்த காரொன்றிலாகும். முன்னாசனத்தில் இருந்த இருவரும் பிழைத்தனர். பட்டி அணியாது பின்னாசனத்தில் இருந்த இருவரும் மாண்டனர்.

இலங்கையிற் சாரதிக்கும் முன்னாசனப் பயணிக்கும் பட்டி அணிதல் 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. பின்னாசனத்தவரையும் உள்ளடக்கி, எல்லாப் பயணிகளும் பட்டி அணிய வேண்டுமென 2025இல் அறிவிக்கப்பட்ட விதி அதிவேக வீதிகளுக்கு உரியது. வடமாகாணத்தில் அதிவேக வீதி எதுவும் இல்லை. போருக்குப் பின்னர் காப்பெற் இடப்பட்ட பருத்தித்துறை வீதியில், கோப்பாய்க்கும் புத்தூருக்கும் இடையே நீர்வேலியைக் கடந்து விரையும் வான்களின் பின்னாசனங்கள் இன்னும் அவ்விதிக்கு வெளியேதான் இருக்கின்றன.