நாய்க்குட்டிக்கு அடி வேண்டாம்... அலாரம் போதும்!

புதுச்சேரி:

ஆசை ஆசையாக நாய்க்குட்டியைத் தூக்கி வருகிறார்கள். பத்தே நாளில் கட்டிலுக்கு அடியில் ஈரம், மூலையில் நாற்றம், வாசலில் வீட்டு ஓனர் சத்தம். "இது திருந்தாத ஜென்மம்" என்று கடைசியில் தெருவில் விட்டுவிடுவதும் உண்டு.

உண்மையில் குட்டி அடம் பிடிப்பதில்லை. அதால் அடக்க முடிவதில்லை. அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு மணி நேரம்

2 மாதக் குட்டி சுமார் 2 மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும். 3 மாதம் என்றால் 3 மணி நேரம். விளையாடும்போது அதுவும் கிடையாது, அரை மணியிலேயே போய்விடும். முழுசாகப் பழக 6 மாதம் வரை ஆகலாம்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சிறிது நேரத்திலும், ஆடி ஓடி முடித்ததும் கட்டாயம் வரும். தரையை மோந்துகொண்டே வட்டம் போட்டால் அதுதான் சிக்னல்.

வீட்டு வேலைக்காரர்களுக்கு லாபம்

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அதிகம். தையல் மிஷின் போட்டிருப்பவர்கள் எப்போதுமே வீட்டில்தான். குட்டியைப் பழக்க இவர்களைவிட வசதியானவர்கள் இல்லை.

செல்போனில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைக்க வேண்டும். அடித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போக வேண்டும். ஆபீஸ் போன் வருவதற்கு முன்பும், புதுத் துணியை மிஷினில் வைப்பதற்கு முன்பும் ஒரு தடவை. போய் முடித்த அடுத்த நொடியே பாராட்டி, வேக வைத்த கோழித் துணுக்கு ஒன்று தர வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தார்கள் என்று அதற்குப் புரியாது.

வேலை நேரத்தில் நாற்காலி அருகே சின்னக் கயிற்றில் கட்டி, கண் பார்வையில் வைக்கலாம். நாள் முழுக்கக் கட்டிப் போடக்கூடாது. வெயில் ஊர் இது. தண்ணீரை நிறுத்தவும் கூடாது.

அடிச்சா பயம்தான் வரும்

மூக்கை சிறுநீரில் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் பலன் இல்லை. எப்போதோ போனதற்கு இப்போது அடி விழுந்தால் குட்டிக்கு ஒன்றுதான் விளங்கும்: "இவங்க முன்னாடி போகக்கூடாது." பிறகு பீரோ பின்னால் ஒளிந்து போகும். அதைத்தான் அடம் என்கிறோம்.

போன இடத்தில் வாடை மிச்சம் இருந்தால் திரும்ப அங்கேதான் போகும். அமோனியா கலந்த கிளீனர் சிறுநீர் வாடை போலவே இருப்பதால் ஆகாது. கறுப்பு பினாயில் குட்டிக்கு விஷம். தண்ணீர் கலந்த வினிகரில் துடைத்து, காய்ந்ததும் சமையல் சோடா தூவிப் பெருக்கினால் வாடை குறையும்.

பீச் ரோடு அப்புறம்

மாலையில் வண்டி இல்லாத பீச் ரோட்டுக்கு அழைத்துப் போக ஆசை வரும். பார்வோ தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, எல்லா ஊசியும் முடியும் வரை தெருவிலும் கடற்கரையிலும் இறக்கக்கூடாது. பார்வோ குட்டிகளைக் கொல்லும் நோய். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில் போட வேண்டும். அதுவரை கொல்லைப்புறம், முற்றம், மொட்டை மாடி போதும். ஒண்டுக்குடித்தனம் என்றால் அகலத் தட்டில் மண் கொட்டி வைக்கலாம்.

சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அது பழக்கக் கோளாறு அல்ல, வியாதி. வாந்தியோடு ரத்தபேதி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. குரும்பாபேட்டையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி நாயைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த தெருவில் விட்டால் நம் வீட்டுப் பிரச்சினை தீரும். வீட்டு வாசனையில் வளர்ந்த குட்டிக்கு அங்கே சோறும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

சில மாதப் பொறுமைதான் செலவு. அப்புறம் கதவருகே நின்று குட்டியே கூப்பிடும்.