சீனி இல்லை, ஆனால் விடாய் அடங்கவில்லை

போன வருசம் எங்கட பத்து வயது மகன் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைக்காமல் திரிந்தான். இரவில் மூன்று நாலு தரம் எழும்பி பாத்ரூமுக்குப் போவான். ஆர்ச்வே ரோட்டு முருகன் கோயிலில் பூசை முடியும் முன்னமே இரண்டு தரம் வெளியில் ஓடினான். "சீனி வருத்தம்தான்" என்று அம்மம்மா சொல்லிவிட்டா. ஜி.பி. ரத்தம் சோதித்தார். சீனி சரியாக இருந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

சமையலறைக் கதவில் அவன்ர உயரத்தைப் பென்சிலால் குறிப்போம். ஒரு வருசமாக அந்தக் கோடு ஏறவில்லை என்பதை மனைவிதான் கண்டா. அதைச் சொன்ன பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிட்யூட்டரிச் சுரப்பியின் காம்பில் ஒரு சின்னக் கட்டி. பெயர் ஜேர்மினோமா. சிறுநீரகத்துக்கு 'தண்ணீரைப் பிடித்து வை' என்று சொல்லும் ஹோர்மோன் அந்தக் காம்பு வழியாகத்தான் இறங்குகிறது. அது தடைப்பட்டதால்தான் அந்த விடாய்.

பின்னாளில் முட்டையாகவோ விந்தாகவோ மாறவேண்டிய கலங்களில் இருந்து வருகிற கட்டியாம். மூளைக்குள்ள அது எப்பிடி? கரு சில கிழமை வயதில் இருக்கும்போது இந்தக் கலங்கள் வேறிடத்தில் தோன்றி, உடலின் நடுக்கோடு வழியாக இனப்பெருக்க உறுப்புகளுக்கு நகர்ந்து போகின்றன. சில வழிதவறி நடுவிலேயே தங்கிவிடுவதாகக் கருதுகிறார்கள். கோட் எழுதுகிற எனக்கு, பிழையான ஃபோல்டரில் சேவ் ஆன ஃபைல் மாதிரித்தான் விளங்கியது.

அதனால் இவை வரும் இடங்களும் பெரும்பாலும் நடுக்கோட்டில்தான்: பிறந்த குழந்தைக்கு வால் எலும்படியில், வளர்ந்தவருக்கு மார்பெலும்புக்குப் பின்னால், வயிற்றின் பின்புறத்தில், மூளையில் பீனியல் சுரப்பியில். பீனியலில் வந்தால் காலைத் தலையிடி, சத்தி, மேலே பார்க்கக் கண் ஏறாமை. எல்லாம் அரிதுதான். வால் எலும்புக் கட்டி ஏறத்தாழ 35,000 முதல் 40,000 பிறப்புக்கு ஒன்று.

சொந்தக்காரர் சிலர், "பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க என்ன சாப்பிட்டனீ?" என்று மனைவியைக் கேட்டார்கள். அவ செய்த எதுவும் காரணமில்லை என்று டொக்டர் சொன்னதை நான் மூன்று வீடுகளில் திருப்பிச் சொல்லவேண்டி வந்தது.

கீமோதெரபியும் ரேடியோதெரபியும் முடிந்துவிட்டன. ஜேர்மினோமா இவற்றுக்கு நன்றாக அடங்கும்; பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கும் மேல் பிழைத்து வருகிறார்கள். மகன் இப்ப தினமும் டெஸ்மோப்ரெசின் குளிசை போடுகிறான், வளர்ச்சியையும் பார்த்து வருகிறார்கள். கதவில் போன கிழமை புதுக் கோடு போட்டோம். பழையதற்கு ஒரு விரல் மேலே.